கை ரெண்டுதான்

பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ளாதவருக்கு அந்த அஞ்சலகத்தில் கார்டு கிடையாது. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. உத்தியோக காலம் முழுவதும் அந்தப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன். அது அந்த அஞ்சலகத்தை நடத்திய அம்மா தானாகப் போட்ட விதி. நான் பார்த்த விதிகளில் காரணத்தோடு போடப்பட்டவை மிகச் சில. அவற்றில் அது ஒன்று.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் அந்த ஊர் வரும். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கிருந்து இப்போதும் யாராவது என்மேல் மனு அனுப்புவார்கள்; மனு எழுதுவதில் தேர்ந்த ஊர். எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் அஞ்சல் ஆய்வாளர். வீடு விழுப்புரத்தில். கிராமத்துக் கிளை அஞ்சலகங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது எனக்குச் சம்பளம் கொடுக்கப்பட்ட வேலை.

கிளை அஞ்சலகம் என்றால் தனிக் கட்டடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பொறுப்புக்கு நியமிக்கப்படுகிறவர் தன் வீட்டையே கொடுக்க வேண்டும். அது வேலைக்கான நிபந்தனை. மேசை, நாற்காலி, விளக்குக்கு எண்ணெய் எல்லாம் அவருடையவை. இலாகா கொடுப்பது ஒரு பெயர்ப்பலகை, ஒரு தராசு, ஒரு தேதி முத்திரை, ஒரு இரும்புப் பெட்டி. அவருக்குப் புற இலாகா ஊழியர் என்று பெயர். வேலை இலாகாவுடையது, ஆள் இலாகாவைச் சேர்ந்தவர் அல்ல என்று பொருள். ஓய்வூதியம் இல்லை. பிரசவ விடுப்பு இல்லை. எங்காவது போக வேண்டுமென்றால் தானே ஒரு மாற்றாளைத் தேடி வைத்துவிட்டுப் போகலாம். மாற்றாள் செய்யும் தப்புக்கும் இவரே ஜவாப்தாரி. இதையெல்லாம் வகுத்தவர்கள் வீட்டில் குழந்தை பிறந்ததே இல்லையோ என்று நான் யோசித்ததுண்டு. பிறந்திருக்கும். வேறு யாரோ தூக்கியிருப்பார்கள்.

அந்த ஊரில் இந்த வேலைக்கு மனுப் போட்டவர்களில் காலனியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குத்தான் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். அதனால் வேலை அவருக்கு, அஞ்சலகம் காலனிக்கு. ஊர்த்தெருவில் இதை எதிர்பார்க்கவில்லை. முதல் சில மாதங்கள் ஊர்த்தெருவிலிருந்து யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கார்டு வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்கு நடந்தார்கள். பிறகு மணியார்டர்கள் வர ஆரம்பித்தன. பணத்தைக் கவுண்டரில்தான் வாங்க வேண்டும். மணியார்டருக்குத் தீட்டு கிடையாது என்று கண்டுபிடித்து ஒவ்வொருவராக வந்தார்கள்.

எல்லாரும் அவரைப் போஸ்டாபீசம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓடு வேய்ந்த ஒரே அறை வீடு. பின்னால் அடுப்புக்கு ஒரு சாய்ப்பு. அறையின் நடுவில் மேசை, மேசைக்கு மேலே உத்திரத்தில் புடவையில் கட்டிய தூளி. தூளிக் கயிற்றின் ஒரு முனை அவருடைய கால் கட்டைவிரலில் இருக்கும். முத்திரை அடிக்கும்போது கால் தானாக ஆடும். கணவர் பம்பாய் போகிற லாரியில் கிளீனர். வந்தால் தூங்குவார், எழுந்தால் போய்விடுவார். அவரைப் பெற்றவளுக்கு வானூர்ப் பக்கம் கூலி வேலை; வேலைக்குப் போகாத நாளில் அங்கே அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் விடிந்ததும் கொல்லைக்குப் போய்விடுவார்கள். பால்வாடி பக்கத்து ஊரில். சத்துணவு வந்த புதிது. அது பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு. இவருக்கோ மூன்று வயதில் ஒரு பெண்ணும், கைக்குழந்தையாக ஒரு பையனும்.

நான் முதன்முதலில் ஆய்வுக்குப் போய் வாசலில் நின்றபோது அந்தச் சிறு பெண்தான் வந்து என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா முத்திர அடிக்குது. தம்பியப் புடி."

உள்ளே அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்ததை ஒரு கையால் என் பக்கம் நீட்டினார்.

"புடிங்க. கார்டா, கவரா?"

"நான் இன்ஸ்பெக்டர்."

எழுந்து நின்றார். வணக்கம் சொன்னார். நீட்டிய பிள்ளையை மட்டும் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை. "கழுத்துல கை குடுத்துப் புடிங்க சார். தல இன்னும் நிக்கல."

நான் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அலுவலகத் தோரணையை வரவழைத்துக்கொண்டு, "குழந்தைகளை வச்சுகிட்டு ஆபீஸ் நடத்தக் கூடாதும்மா" என்றேன்.

"எங்க சார் வைக்கறது?"

"வீட்டுல வைக்கணும்."

"இதான் சார் வூடு."

அதற்கு என்னிடம் விதி இல்லை. கையிருப்பை எண்ணிச் சரிபார்க்க வேண்டியது ஆய்வாளரின் கடமை என்பதால் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்து அவர் பேரேட்டை எடுக்க வேண்டும் என்றதும் பிள்ளை மறுபடி என்னிடம் வந்தது. அன்று முற்பகல் முழுவதும் எனக்கும் அவருக்கும் நடுவே அந்தப் பையன் ஒரு பதிவுத் தபாலைப் போலக் கைமாறிக்கொண்டே இருந்தான். "எனுக்கு கை ரெண்டுதான் சார்" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் இல்லை. தராசில் இத்தனை கிராம் என்று சொல்வது போலத்தான்.

பிறகு போன தடவைகளில் வாசலில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். பள்ளி ஆசிரியர் ஒருவர் பிள்ளையைத் தொடையில் போட்டுக்கொண்டு அடுத்தவர் கார்டுகளைப் படிப்பார். ரோந்து வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வாங்கினார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற காலனிக்காரர் ஒருவர் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார்.

"இன்னா மாமா, துப்பாக்கியா அது? தோள்ல போட்டுத் தட்டு."

"தட்டினா தூங்கிடுவானே."

"தூங்கட்டும்னுதான குடுக்கறேன்."

ஊர்த்தெருவிலிருந்து உதவித்தொகை வாங்க வரும் கைம்பெண் ஒருத்தி முதல் மாதம் மடியில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் பிள்ளையைப் போடச் சொன்னாள். போஸ்டாபீசம்மா துண்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிள்ளையைப் போட்டார். அன்று அவளுக்குப் பணம் எண்ணிக் கொடுக்க நிறைய நேரம் ஆனது. பிள்ளை துண்டை நனைத்தது. அடுத்த மாதம் அவள் துண்டு கொண்டுவரவில்லை. அதற்கடுத்த மாதம் பிள்ளைக்குச் சளி பிடித்திருப்பதைப் பார்த்து, "இன்னாடி, இப்பிடி மூச்சு இழுக்குது, துளசி குடுத்தியா?" என்று அதட்டினாள். "மொதல்ல கைநாட்டு வைங்க, அப்பறம் வைத்தியம் சொல்லுங்க" என்றார் இவர்.

நன்றி சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. சிரித்துக் குழைந்து, தயவு செய்து என்று கேட்கிற வழக்கமும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மேலே இருந்தவர்களுக்கு அதுதான் பிடிக்கவில்லை. கஷ்டப்படுகிறவர்கள் கொஞ்சம் கூனிக்கொண்டு கஷ்டப்பட்டால் அதிகாரிகளுக்கு மனம் இளகும். நிமிர்ந்து நின்றுகொண்டு கஷ்டப்பட்டால் திமிர் என்று கோப்பில் ஏறும்.

கோப்பு ஒரு பாலாடையில் ஆரம்பித்தது. தினமும் கிளை அஞ்சலகத்துத் தபால்களை ஒரு பையில் போட்டுக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, பை சுமக்கும் ரன்னர் மூலம், கணக்கு அலுவலகம் என்று நாங்கள் சொல்கிற பெரிய அஞ்சலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் அந்தப் பையைக் கணக்கு அலுவலகத்தில் முத்திரை உடைத்துக் கொட்டினால் கடிதங்களோடு ஒரு வெள்ளிப் பாலாடை விழுந்தது. மூன்று வயதுக்காரி, எல்லாவற்றையும் பையில் போட்டால் அம்மா சீக்கிரம் வேலையை முடித்துவிடுவாள் என்று தம்பி பால் குடிக்கிற பாலாடையையும் போட்டிருக்கிறாள். அம்மா பார்க்காமல் அரக்கு வைத்துவிட்டார்.

பையில் அதிகப்படியாக எது வந்தாலும் பிழைக் குறிப்பு எழுத வேண்டும், அது விதி. பொருளை மறுநாள் பையிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் விதி. எழுத்தர் முதல் விதியைப் பின்பற்றினார். "அதிகப்படி: பாலாடை, ஒன்று" என்று எழுதி, பாலாடையைச் சான்றுப் பொருளாக அலமாரியில் வைத்துப் பூட்டினார். விளக்கம் கேட்டார்கள். அந்த அம்மா எழுதிய விளக்கம் இன்னும் எனக்கு மனப்பாடம். "பாலாடை என்னுடையது. மகள் போட்டுவிட்டாள். பிள்ளை பசியாக இருக்கிறான். உடனே அனுப்பவும்."

அனுப்பவில்லை. பாலாடை கோப்போடு நூல் போட்டுக் கட்டப்பட்டு, இணைப்பு ஒன்று என்று சீட்டு ஒட்டப்பட்டு, மேலதிகாரி மேசைக்குப் போனது. அதை விடுவிக்கச் சொல்லி நான் விதியின் எண்ணைக் காட்டிக் குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்பும் கோப்பில் சேர்ந்துகொண்டது. அடுத்த தடவை போனபோது அவர் கரண்டியால் பால் புகட்டிக்கொண்டிருந்தார். பாதி பால் பிள்ளையின் கழுத்தில் ஓடியது.

"பாலாட இன்னா ஆச்சு சார்?"

"பரிசீலனையில் இருக்கும்மா."

"அதுல யாருக்குப் பால் குடுத்துக்கினு இருக்காங்க?"

இந்த நிலையில்தான் மில்காரர் வந்தார். ஊர்த்தெருவில் மல்லாட்டை உடைக்கிற மில் வைத்திருந்தவர், கொல்லை நிறைய. அஞ்சலகம் காலனிக்குப் போனதிலிருந்து தபால்தலைக்குக்கூடப் பண்ணையாளைத்தான் அனுப்புவார். அவருடைய மச்சானும் இந்த வேலைக்கு மனுப் போட்டுத் தோற்றவன். சிங்கப்பூரில் இருந்த மகன் ஒரு பெரிய பார்சல் அனுப்பியிருந்தான். சுங்கத் தீர்வை கட்டி, உரியவரே கையெழுத்துப் போட்டு, கவுண்டரில் வாங்க வேண்டிய பார்சல். பண்ணையாளிடம் கொடுக்க முடியாது என்று அந்த அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். சரியான நடவடிக்கை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வேறு வழியில்லாமல் மில்காரர் வந்தார். அன்று அங்கே இருந்த பட்டாளத்துக்காரரும் ஆசிரியரும் பின்னால் என்னிடம் தனித்தனியாகச் சொன்னது ஒன்றுதான். மில்காரர் வாசலுக்கு வெளியே நின்று, "பார்சல எடுத்தா" என்றிருக்கிறார்.

"உள்ள வாங்க. கையெழுத்துப் போடணும்."

"புஸ்தகத்த இங்க எடுத்துக்கினு வா."

அவர் எழுந்து வாசலுக்கு வந்தார், பேரேட்டோடு அல்ல, பிள்ளையோடு. "பார்சல் கனமா கீது. ரெண்டு கையால தூக்கணும். இவனப் புடிங்க, எடுத்தாறேன்."

மில்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆசிரியர் எழுந்து, "என்னிடம் கொடும்மா" என்று கை நீட்டியிருக்கிறார். அந்த அம்மா கொடுக்கவில்லை. "நீங்க நேத்து புடிச்சீங்க சார். இன்னிக்கு இவரு வேலதான் நடக்குது" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை நீட்டியபடியே நின்றார். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளை மில்காரரின் மீசையைப் பார்த்துச் சிரித்தானாம். ஊரே பார்க்கிற இடத்தில் அந்தப் பிள்ளையைத் தொடுவதா, பார்சலை விடுவதா என்பதுதான் கேள்வி. மில்காரர் பார்சலை விட்டுவிட்டுப் போனார்.

குறித்த நாள்வரை வைத்திருந்தும் வாங்க ஆள் வராத பார்சல் அனுப்பியவருக்கே திரும்ப வேண்டும். அது சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனது. அதற்கு முன்பே மனு திண்டிவனத்துக்கு வந்துவிட்டது. பார்சலைக் கொடுக்க மறுத்தார், பொதுமக்களைக் குழந்தை தூக்க வற்புறுத்துகிறார், அலுவலகத்தில் தூளி தொங்குகிறது. காலனி என்ற சொல் மனுவில் எங்குமே இல்லை. நல்ல வழக்கறிஞர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

என் மேலதிகாரி காலை பத்து மணிக்குத் திண்டிவனத்தில் விசாரணைக்கு ஆஜராகும்படி அந்த அம்மாவுக்கு மெமோ அனுப்பினார். அலுவலகம் மூடக் கூடாது, மாற்றாள் ஏற்பாடு செய்துவிட்டு வர வேண்டும். நான் மேலதிகாரியின் அறைக்குப் போனேன்.

"சார், அந்த ஊர்ல மாற்றாளா உக்காரத் தகுதி இருக்கிறது ஒரே ஆளுக்குத்தான். மில்காரரோட மச்சானுக்கு."

"அதுக்கென்ன? ஒரு நாள் தானே."

"மாற்றாள் வந்தா அவன் வீட்டுல ஆபீஸ் நடக்கும். பெட்டியும் முத்திரையும் அங்க போகும். போனது திரும்பி வராது சார். நான் பாத்திருக்கேன்."

"நீங்க யாருக்கு ஆய்வாளர், இலாகாவுக்கா, அந்தப் பொம்பளைக்கா?"

"ஆபீஸ் ஒரு மணிக்கு மூடுது. விசாரணையை மூணு மணிக்கு வைக்கலாம். விதியில் தடை இல்லை."

"பத்துன்னா பத்துதான்" என்றார். அவருக்குப் பிற்பகலில் தூங்குகிற வழக்கம் உண்டு. ஒரு குடும்பத்தின் சோறு அந்தத் தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நான் இன்றைக்கும் ஆத்திரம் இல்லாமல் நினைக்க முடிவதில்லை.

விசாரணை நாளில் பத்து மணிக்கு அவர் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. மேலதிகாரி சந்தோஷமாக "ஆஜராகவில்லை" என்று எழுதத் தயாரானார். நான் முழு நாள் முடியும்வரை அப்படி எழுதக் கூடாது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். வெயில் சாயத் தொடங்கியபோது பஸ் புழுதியோடு, ஒரு இடுப்பில் பையன், மறு கையில் பெண், தோளில் துணிப் பை என்று வந்து நின்றார்.

"ஏம்மா, எத்தனை மணிக்கு வரச் சொன்னேன்?"

"பத்துக்கு சார். ஆபீஸ் மூடக் கூடாதுன்னும் சொன்னீங்க. ரெண்டும் ஒரே காயிதத்துலதான் இருந்துச்சு. மூடற நேரத்துக்கு மூடிட்டு, பையக் கட்டிக் குடுத்துட்டு, அடுத்த பஸ்ஸு ஏறி வர்றேன்."

"பார்சலைக் கொடுக்க மறுத்தியா?"

"இல்ல. வாங்கிக்க அவரு மறுத்தாரு."

"பொதுமக்கள் கையில் குழந்தையைத் திணிக்கிறது உண்டா இல்லையா?"

"உண்டு சார். பணத்த எண்ணும்போது புள்ள கையில இருந்தா எண்ணிக்க தப்புது. கொறஞ்சா என் தலமேலதான் வுழும். கீழ வுட்டா அரக்க வாயில போட்டுக்கறான். எனுக்கு கை ரெண்டுதான். மீதிக் கைய நீங்க குடுப்பீங்களா?"

மேலதிகாரி வாக்குமூலத்தை எழுதி முடித்துக் கையெழுத்துக்காகத் தள்ளினார். அந்த அம்மா பேனாவைப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, பையனை மேசைக்கு மேலாக நீட்டினார். "புடிங்க சார். கையெழுத்துப் போடறேன்."

மேலதிகாரி மணியை அடித்துச் சேவகரைக் கூப்பிட்டார். சேவகர் ஓடிவந்து கை நீட்டினார். அந்த அம்மா பிள்ளையை அவர் பக்கம் திருப்பவே இல்லை.

"அவரு வேல பாத்துக்கினு இருக்காரு. நீங்க சும்மாத்தான குந்திக்கினு இருக்கீங்க."

நான் கை நீட்டியிருக்கலாம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. யாரிடம் கேட்கிறோம் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை. மேலதிகாரி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த அம்மா பையனை மேசைமேல், கோப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு கையால் அவன் முதுகைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டார். பையன் கோப்பு நூலை வாயில் வைத்துக்கொண்டான். நூலின் மறுமுனையில் அவனுடைய பாலாடை கட்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட அதே கையால் அவர் முடிச்சை அவிழ்த்தார், பாலாடையை முந்தானையில் துடைத்தார், துணிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது சான்றுப் பொருள்" என்றார் மேலதிகாரி.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பார்சல் குற்றச்சாட்டு நிற்கவில்லை. நான் எழுதிய அறிக்கையில் அதற்கு இடமே வைக்கவில்லை. தூளியை மறுக்க முடியாது. ஆணை வந்தது. மேற்படி ஊழியரின் இரு குழந்தைகளும் அலுவலக நேரத்தில் அஞ்சலக வளாகத்தினுள் இருத்தல் கூடாது. மீறினால் பணி நீக்கம்.

வளாகம் என்பது அந்த வீடு. நிபந்தனைப்படி அவர் இலாகாவுக்குக் கொடுத்த வீடு. சாய்ப்பிலாவது வைத்துக்கொள்ளலாமா என்று நான் எழுதிக் கேட்டேன். ஒப்புதலான வரைபடத்தில் சாய்ப்பும் வளாகத்தில் அடங்கும் என்று பதில் வந்தது. அந்த ஒரு பதில்தான் எங்கள் அலுவலகத்திலிருந்து தாமதமில்லாமல் வந்தது. ஆக, தினமும் காலை முதல் ஒரு மணி வரை அந்த இரண்டு குழந்தைகளும் தங்கள் சொந்த வீட்டுக்குள் இருப்பது இலாகா குற்றம். இதை மெத்தப் படித்தவர்கள் நாலு பேர் படித்துப் பார்த்து, கமா போட்டு, கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

ஆணை நிறைவேற்றப்படுகிறதா என்று பார்த்து அறிக்கை அனுப்பும்படி எனக்குக் குறிப்பு வந்தது. சித்திரை மாதம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது சாலையில் தார் செருப்பில் ஒட்டியது. காலனித் தெருவுக்குள் நுழையும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. எதிர்ப்புறத்துப் புங்க மரத்தில் தூளி தொங்கியது. நிழல் நகர்ந்துபோய்ப் பாதித் தூளி வெயிலில் இருந்தது. மூத்தவள் கையில் ஒரு குச்சியோடு, நாய் வராமல் காவலுக்கு நின்றாள். என்னைப் பார்த்ததும், "உள்ள போவக் கூடாது. மெமோ குடுப்பாங்க" என்றாள். அவளுக்கு அப்போது நாலு வயதுகூட ஆகியிருக்காது.

உள்ளே ஒருவர்கூட இல்லை. அந்த அம்மா மேசைக்குப் பின்னால் நேராக உட்கார்ந்திருந்தார். கைகள் மேசைமேல் இருந்தன. முத்திரை அடிக்கத் தபால் ஏதும் இல்லை. ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்ததை முந்தானையால் மூடியிருந்தார்.

"புள்ள அழறானேம்மா."

"கேக்குது சார்."

"போய் எடு."

"ஒரு மணிக்குள்ள பெட்டிய வுட்டு எழுந்து போனா அது ஒரு மெமோ. அவன் உள்ள வந்தா அது ஒரு மெமோ. ரெண்டுல எது சின்னது? படிச்சவரு, நீங்க சொல்லுங்க."

"ஆளுங்க யாரும் தூக்கறதில்லையா?"

"வந்தா தூக்கறாங்க. மொதல்ல மொறைச்சவங்ககூட இப்ப கேக்காமலே தூக்கறாங்க. பதினோரு மணிக்கு மேல யாரு சார் வர்றாங்க?"

ஆய்வாளர் வந்து கையிருப்பைச் சரிபார்க்கும் நேரத்தில் அலுவலகத்தைப் பொதுமக்களுக்கு மூடி வைக்கலாம். பெட்டிக்கு அப்போது ஆய்வாளரே பொறுப்பு. நான் நாற்காலியின் பின்னால் போய் நின்றேன். "ஆய்வுக்காக ஆபீஸை மூடுறேன். சாவியைக் கொடுத்துட்டுப் போம்மா" என்றேன்.

அவர் சாவியை மேசைமேல் வைத்தார். எழுந்தார். வாசற்படி வரை ஓட்டமாகப் போனவர் நின்று திரும்பினார்.

"நாளைக்கு?" என்று கேட்டார்.

பதிலுக்காக நிற்கவில்லை. மரத்தடிக்குப் போய், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிள்ளையை எடுத்துக்கொண்டார். அழுகை நின்றது. நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். போன தடவை அறையின் நடுவில் இருந்த மேசை இந்தத் தடவை இடம் மாறி ஜன்னலுக்கு நேராகப் போடப்பட்டிருந்தது. அங்கே உட்கார்ந்தால் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் தூளி மட்டும் தெரியும். வேறு எதுவும் தெரியாது.

"ஆணை முழுமையாக நிறைவேற்றப்படுகிறது" என்று அறிக்கை அனுப்பினேன். அதன் கீழே அன்று அந்தத் தெருவில் பார்த்ததை ஒன்று விடாமல் இரண்டு பக்கம் எழுதினேன். அறிக்கைக்கு ஒப்புகை வந்தது. இரண்டு பக்கத்துக்கு ஒன்றும் வரவில்லை. மாற்றலாகிப் போகும்வரை ஆணையை ரத்து செய்யக் கோரி எழுதிக்கொண்டே இருந்தேன்; எழுதும் முறையில் தவறு இருந்தால்தானே திருப்பி அனுப்புவார்கள். சரியாக இருந்தால் வைத்துக்கொள்வார்கள்.

அந்த அம்மா வேலையை விடவில்லை. மில்காரரின் மச்சானுக்கு அந்த முத்திரை கடைசிவரை கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றவர்கள் கூடுகிற இடத்தில் இதைச் சொன்னால், கடைசியில் அவர்தானே ஜெயித்தார் என்று யாராவது தலையாட்டுவார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சித்திரை வெயிலில் பாலுக்கு அழுதுகொண்டு தன் வீட்டுக்கு எதிரே தொங்கியவர் இல்லை. பையன் தவழ்ந்தது, நடந்தது எல்லாம் தெருவில். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு காலை வேளையில் அவன் வீட்டில் இருக்கத் தேவையில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். இலாகா எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான்.

முறைப்படி ரத்து செய்யப்படாத ஆணை நடைமுறையில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். இன்னாருக்கு என்று வந்த ஆணை, அந்த ஆள் இருக்கும்வரை செல்லும். அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும், நரை விழுந்திருக்கும், அவனுக்கே பிள்ளைகள் இருக்கலாம். விதிப்படி, காலை வேளையில் அவன் இன்னும் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது.